உடற்பயிற்சி இதழ்களில் பெண்களும் நிறமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்காக?

வடசென்னையின் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை ஆகிய பகுதிகளில் ஜிம்முக்கும் மைதானத்துக்கும் வரும் பெண்களுக்காகவும், அவர்களை அனுப்பத் தயங்கும் வீட்டாருக்காகவும், பயிற்சி தருபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பெரும்பாலான கேள்விகள் ஜிம் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும் படங்களிலிருந்து தொடங்குகின்றன. அந்தப் படங்கள் வெளிநாட்டு உடற்பயிற்சி இதழ்களின் அட்டைகளிலிருந்தோ, அவற்றின் பாணியில் எடுக்கப்பட்ட விளம்பரங்களிலிருந்தோ வந்தவை. ஆகவே அந்த இதழ்களில் எந்த இனத்துப் பெண்கள் இடம்பெற்றார்கள், எவ்வாறு காட்டப்பட்டார்கள் என்பதைப் பார்த்துவிட்டு நம் பகுதிக்கு வருவதே சரியான வரிசை.

சினிமாவிலும் அழகு இதழ்களிலும் இதே நிலைதானே? உடற்பயிற்சி இதழ்களைத் தனியாக எடுத்துப் பேச என்ன இருக்கிறது?

அழகு இதழ் ஒன்று வெளிர்நிறப் பெண்ணை அட்டையில் போட்டால், அது அந்த ஆசிரியரின் ரசனை என்று ஒதுக்கிவிட நம்மால் முடியும். உடற்பயிற்சி இதழ் ரசனையைப் பற்றிப் பேசுவதில்லை. அது ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசுகிறது. மருத்துவரின் பேட்டி, கலோரிக் கணக்கு, இதயத்துடிப்பு வரைபடம் ஆகியவற்றுக்கு நடுவே ஒரு பெண்ணின் படத்தை வைத்து, "ஆரோக்கியமான உடல் இது" என்று சாட்சி சொல்ல வைக்கிறது. அந்தச் சாட்சி பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஒரே நிறத்தில் வந்தால், படிப்பவர் மனத்தில் நிறமும் ஆரோக்கியத்தின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. நான் இந்தப் பக்கத்தில் சொல்ல வருவது அடிப்படையில் இதைத்தான்.

அமெரிக்காவின் இனப் பிரச்சினையும் நம் ஊரின் நிறப் பிரச்சினையும் ஒன்றா?

ஒன்று என்று சொன்னால் இரண்டுக்கும் அநியாயம் செய்தவர்களாவோம். அங்கே அடிமை முறையும், பள்ளி முதல் பேருந்து வரை சட்டத்தாலேயே பிரித்து வைத்த காலமும் இனப் பிரிவினைக்குப் பின்னால் நிற்கின்றன. இங்கே ஒரே வீட்டில் அக்கா மாநிறமாகவும் தங்கை கறுப்பாகவும் இருப்பது சாதாரணம். நிறத்தை வைத்து ஒருவரின் சாதியைச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் சாதியைப் பற்றியும் வர்க்கத்தைப் பற்றியும் உள்ள இழிவான எண்ணங்களை நிறத்தின் மேல் ஏற்றிப் பேசும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. வடசென்னைக்காரர் என்றதும் கறுத்த, முரட்டு, அடிதடி ஆள் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளும் மனநிலை அந்தப் பழக்கத்திலிருந்து பிறந்ததுதான். வரலாறு வேறு வேறாக இருந்தாலும், படம் வேலை செய்யும் முறை இரு இடங்களிலும் ஒத்திருக்கிறது. யாரைக் காட்டுவது, யாரை விட்டுவிடுவது, காட்டும்போது எந்த வேடத்தில் காட்டுவது என்னும் மூன்று முடிவுகளையும் எடுப்பவர் ஒருவர். அவற்றின் விளைவைச் சுமப்பவர் வேறொருவர்.

அந்த இதழ்களில் கறுப்பினப் பெண்கள் உண்மையிலேயே அவ்வளவு குறைவாகவா இருந்தார்கள்?

ஆம். பெண்களுக்கான உடற்பயிற்சி இதழ்கள் தனி வகையாக வளர்ந்தது 1970களின் இறுதியிலிருந்துதான். அமெரிக்காவில் 'செல்ஃப்' 1979இலும் 'ஷேப்' 1981இலும் தொடங்கின. 1982இல் வந்த நடிகை ஜேன் ஃபோண்டாவின் உடற்பயிற்சி வீடியோ, வீட்டுக் கூடத்திலேயே ஏரோபிக்ஸ் செய்யும் வழக்கத்தைப் பரப்பியது. 'விமன்ஸ் ஹெல்த்' 2005இல் வந்தது. இத்தகைய இதழ்களின் படங்களை எண்ணிப் பார்த்த ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, வெள்ளையினப் பெண்களே மிகப் பெரும்பான்மையாக இருந்தார்கள் என்பதையும், இடம் கிடைத்த கறுப்பினப் பெண்களிலும் வெளிர்ந்த நிறம் கொண்டவர்களே அதிகம் என்பதையும்தான்.

இதற்கு மற்ற பெண்கள் இதழ்களின் பழக்கமே முன்மாதிரியாக அமைந்தது. 1892இல் தொடங்கிய அமெரிக்க ஃபேஷன் இதழான 'வோக்' தன் அட்டையில் ஒரு கறுப்பினப் பெண்ணை, பெவர்லி ஜான்சனை, முதன்முதலில் வைத்தது 1974 ஆகஸ்டில். 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழின் நீச்சலுடைச் சிறப்பிதழ் அட்டையில் கறுப்பின மாடல் டைரா பேங்க்ஸ் தனியாக இடம்பெற்றது 1997இல்; அதற்கு முந்தைய ஆண்டில் அவர் வேறொரு மாடலுடன் அட்டையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. கறுப்பினப் பெண்கள் தங்களுக்கென 'எசன்ஸ்' என்னும் இதழை 1970இலேயே பெற்றிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாசகர்கள் இருந்தார்கள், பொதுவான இதழ்கள்தாம் அவர்களைத் தங்கள் வாசகர்களாகக் கருதவில்லை.

கறுப்பு முகம் அட்டையில் இருந்தால் இதழ் விற்காது என்னும் நம்பிக்கை பதிப்புத் தொழிலில் நெடுங்காலம் நிலவியது. 2008 ஜூலையில் இத்தாலிய 'வோக்' கறுப்பின மாடல்களை மட்டுமே கொண்டு ஓர் இதழை வெளியிட்டபோது அது விற்றுத் தீர்ந்து மறுபடியும் அச்சடிக்கப்பட்டது. அதுவரை அந்த நம்பிக்கையை யாரும் சோதித்துப் பார்க்கவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அட்டையில் போடாததால் அவர்கள் பிரபலமாகவில்லை; பிரபலமாகாததால் அட்டையில் போடவில்லை.

எண்ணிக்கை சரியாகிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

தீராது. எப்படிக் காட்டுகிறார்கள் என்பது எத்தனை முறை காட்டுகிறார்கள் என்பதற்குச் சற்றும் குறைந்ததன்று. விளம்பரப் படங்களில் ஆணும் பெண்ணும் நிற்கும், சாயும், பொருள்களைத் தொடும் விதங்களைச் சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1970களில் ஆராய்ந்தார். ஆண் பொருளை இறுகப் பிடிக்கிறான், பெண் விரல் நுனியால் வருடுகிறாள் என்பது அவர் கவனித்தவற்றுள் ஒன்று. உடற்பயிற்சி இதழ்களின் அட்டையைப் பாருங்கள்: டம்பெல்லைத் தூக்காமல் ஏந்திக்கொண்டிருக்கும் கை, வியர்வையே இல்லாத முகம், கலையாத கூந்தல். பெண் எல்லோருக்குமே இந்தக் கட்டுப்பாடு இருக்கிறது.

அதற்கு மேல் கறுத்த பெண்ணுக்கு இன்னொன்றும் சேர்கிறது. பதக்கம் வென்ற அசாதாரண வீராங்கனையாக அவர் வரலாம். வேலைக்குப் போய்வந்து மாலையில் அரைமணி நேரம் நடக்கும் சாதாரணப் பெண்ணாக அவர் வருவது அரிது. வாசகி தன்னோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளக்கூடிய இடம் அந்தச் சாதாரணப் பெண்ணின் இடம்தான். அசாதாரண வலிமையோடு வருபவருக்கும் நிம்மதி கிடைப்பதில்லை. செரீனா வில்லியம்ஸ் பிள்ளைப்பேற்றுக்குப் பின், இரத்தக்கட்டு அபாயத்தைக் கருதி உடலை இறுக்கிப் பிடிக்கும் கறுப்பு உடையில் 2018 பிரெஞ்சு ஓப்பனில் ஆடினார்; அத்தகைய உடையை இனி ஏற்கமாட்டோம் என்று அந்நாட்டு டென்னிஸ் கூட்டமைப்பின் தலைவர் அறிவித்தார். தென்னாப்பிரிக்க ஓட்ட வீராங்கனை காஸ்டர் செமன்யா 2009இல் உலகப் பட்டம் வென்ற கையோடு, அவர் பெண்தானா என்று உலகமே விவாதித்தது. அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனின் பதக்கம் பாலினச் சோதனையின் பெயரால் பறிக்கப்பட்டது. செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் அவர். பெண்மை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று படங்கள் பழக்கி வைத்த கண்கள், பழகாத உடலைக் கண்டதும் சந்தேகப்படுகின்றன.

கறுப்பாக இருப்பவர்கள் படத்தில் தெளிவாக வருவதில்லை. அதனால்தான் தவிர்க்கிறார்கள் என்று ஸ்டுடியோக்காரர் சொல்கிறாரே?

படத்தில் தெளிவாக வராதது தோலின் குற்றமன்று. வண்ணப் படச்சுருள் பரவிய காலத்தில், புகைப்படம் கழுவி அச்சிடும் கூடங்கள் நிறத்தைச் சரிபார்த்துக்கொள்ள கோடாக் நிறுவனம் ஒரு மாதிரி அட்டையை அனுப்பிவைத்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளையினப் பெண். முதலில் அந்தப் படத்துக்கு அமர்ந்த ஊழியரின் பெயரால் அதற்கு 'ஷெர்லி அட்டை' என்றே பெயர் வந்தது. அவர் தோல் சரியாக வந்தால் படம் சரி. பழுப்பு, கறுப்பு நிறங்களின் நுண்ணிய வேறுபாடுகளை அந்தச் சுருள் சரியாகப் பதிவு செய்யவில்லை. வெள்ளைக் குழந்தையும் கறுப்புக் குழந்தையும் அருகருகே அமர்ந்த வகுப்புப் படங்களில், கறுப்புக் குழந்தையின் கண்களும் பற்களும் மட்டுமே தெரிந்தன என்று தாய்மார்கள் முறையிட்டார்கள். சுருளை மேம்படுத்தும் வேலையைத் தூண்டியதில், சாக்லேட் தயாரிப்பாளர்களும் மரச்சாமான் வணிகர்களும் தங்கள் பொருளின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று எழுப்பிய புகாருக்குப் பெரும் பங்கு உண்டு. பல இனப் பெண்களையும் கொண்ட மாதிரி அட்டை 1990களில்தான் வந்தது. இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதியவர் கனடாவின் லோர்னா ராத்.

இன்று கேமராக்கள் மாறிவிட்டன, பழக்கம் மாறவில்லை. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடை பொம்மைகள் முதல் மஞ்சள் நீராட்டு விழா பேனர்கள் வரை எல்லாமே வெளுத்திருக்கின்றன. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அவள் முகத்தை நான்கு நிலை வெளுத்து, பத்தடி உயரத்தில், அவள் தெருவிலேயே நிறுத்தி வைக்கிறோம். இதில் யாருக்கும் தீய எண்ணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெண் அதைப் பார்த்து என்ன புரிந்துகொள்வாள் என்பதுதான் என் கவலை. கறுத்த தோலை அழகாகப் படமெடுக்கப் பெரிய செலவு தேவையில்லை. பக்கவாட்டிலிருந்து மென்மையான ஒளி, முகத்துக்கு ஏற்ப அளந்த எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவு), கண்ணைப் பறிக்கும் வெள்ளைப் பின்னணியைத் தவிர்த்தல், முகத்தைத் தானாக மெருகேற்றும் 'பியூட்டி' வசதியை அணைத்தல் ஆகியவையே போதும்.

யோகா நம்முடையதுதானே? அதிலாவது நம் பெண்கள் இருப்பார்கள் அல்லவா?

யோகாவில் இந்த முரண் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. மைசூரில் கற்பித்துவிட்டுப் பின்னாளில் சென்னையில் குடியேறி இங்கேயே மறைந்த கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயின்ற இந்திரா தேவி என்னும் ஐரோப்பியப் பெண்மணி, 1940களின் இறுதியில் ஹாலிவுட்டில் யோகா பள்ளி தொடங்கினார். 1975இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய 'யோகா ஜர்னல்' காலப்போக்கில் ஒல்லியான, வெள்ளையினப் பெண்ணின் உடலையே யோகாவின் உடலாக நிலைநிறுத்தியது என்னும் விமர்சனம் அந்த இதழைத் தொடர்ந்து வந்தது. 2019 ஜனவரியில் பருமனான கறுப்பினப் பயிற்றுநர் ஜெசமின் ஸ்டான்லியை அட்டையில் வைத்தபோது, வெள்ளையின ஆசிரியை ஒருவரைக் கொண்ட மாற்று அட்டையையும் சேர்த்தே வெளியிட்டது; எதிர்ப்பு எழுந்ததும் மன்னிப்புக் கேட்டது. கலை நம் மண்ணில் பிறந்ததால் மட்டும் படத்தில் நமக்கு இடம் கிடைத்துவிடாது.

இது மனக்குறை சார்ந்த விஷயம்தானே? உடல்நலத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு உண்டு. ஜிம்மில் எடை பார்த்ததும் போடும் பிஎம்ஐ கணக்கின் (உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று பார்க்கும் எண்) அடிப்படையை 19ஆம் நூற்றாண்டில் வகுத்தவர் பெல்ஜியத்தின் அடோல்ஃப் கெட்டலே; அவர் அளந்தது ஐரோப்பியர்களை. 25க்கு மேல் போனால்தான் எடை அதிகம் என்பது உலகளாவிய அளவுகோல். தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் வருவதால், ஆசியர்களுக்கு 23இலிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் எழுதியது. வெளிநாட்டு இதழின் அட்டவணையை அப்படியே நம்பும் பெண், 24 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடுவாள்; அவள் இடுப்புச் சுற்றளவை யாரும் அளந்திருக்க மாட்டார்கள். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையம் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுடன் சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். ஆண்களில் 42 விழுக்காட்டினர். இந்த இடைவெளிக்கு வீட்டு வேலை, பாதுகாப்பு, நேரமின்மை என்று பல காரணங்கள் இருக்கின்றன. படங்களே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முதல் நாள் ஜிம் வாசலில் நின்று சுவரைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நமக்கில்லம்மா" என்று திரும்பிப் போகும் பெண்களை எங்கள் பக்கத்தில் எல்லாப் பயிற்றுநர்களும் அறிவார்கள்.

நம் இதழ்களும் விளம்பரங்களும் எந்த நிலையில் இருக்கின்றன?

சிவப்பழகு கிரீம் விளம்பரம் வாராத தமிழ்ப் பெண்கள் இதழைத் தேடிப் பிடிக்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது. 1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை நீக்கியது 2020இல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின் எழுந்த போராட்ட அலையில். இங்கே எழுந்த எதிர்ப்பு அதற்கு முந்தியது: 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைச் சென்னையைச் சேர்ந்த கவிதா இமானுவேல் 2009இலேயே தொடங்கினார். கறுத்தவர்களை அழகற்றவர்களாகவோ, வாழ்க்கையில் தோற்றவர்களாகவோ காட்டக் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2014இல் விதி வகுத்தது. அந்த விதி தடுப்பது இழிவுபடுத்துவதை மட்டுமே. கறுத்த பெண்ணைக் காட்டாமலே இருந்துவிட்டால் விதி எதுவும் மீறப்படுவதில்லை. புரதப் பொடி, ஜிம், விளையாட்டு உடை விளம்பரங்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகின்றன.

ஆண்டுக்கு ஒரு முறையாவது கறுத்த பெண்ணை அட்டையில் போட்டால் நல்லதுதானே?

மார்ச் 8 வரும் இதழில் மட்டும் போட்டால், மற்றப் பதினொரு மாதங்களுக்கு அவர் விருந்தாளி.

வடசென்னையில் அட்டைக்குரிய பெண்கள் இருக்கிறார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்கிற நிலையில் நம்மை வைத்திருப்பதே எனக்கு வருத்தம். ஒலிம்பிக்கில் வாள்வீச்சுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்த பவானி தேவி. 2004இல் பள்ளியில் மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதால் வாள்வீச்சில் சேர்ந்து, மூங்கில் குச்சியில் பயிற்சியைத் தொடங்கியவர், டோக்கியோ சென்றார். 2023 ஆசியச் சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்றார். கேரம் உடற்பயிற்சி விளையாட்டன்று என்றாலும், உலகப் பட்டம் வென்ற வியாசர்பாடி இளவழகியையும், 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவையும் குறிப்பிடாமல் போக மனம் வரவில்லை.

காசிமாவின் பெயரோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ராயபுரம், மண்ணடி, வண்ணாரப்பேட்டைப் பகுதிகளில் முக்காடு அணியும் முஸ்லிம் பெண்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஹிஜாப் அணிந்து வாள்வீசி அணிப் பிரிவில் வெண்கலம் வென்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண் இப்திஹாஜ் முகம்மதின் படம் நம் ஜிம் எதிலாவது இருந்தால், எத்தனையோ தாய்மார்களின் தயக்கம் குறைந்திருக்கும்.

விளையாட்டுக்கு வெளியே இருப்பவர்களையும் நான் விட விரும்பவில்லை. காசிமேட்டில் விடியற்காலையில் மீன் கூடையைத் தலையில் ஏற்றி நடக்கும் பெண்கள் செய்வது, பளு தூக்கிக்கொண்டு நடக்கும் பயிற்சி என்று ஜிம்மில் பணம் கட்டிக் கற்கப்படுவதைத்தான். அவர்களுக்கு முழங்கால் வலியும் கழுத்து வலியும் இருக்கின்றன. ஓய்வும் சரியான உணவும் பயிற்சி அறிவும் தேவைப்படுகின்றன. உடற்பயிற்சி இதழ் ஒன்று நியாயமாக முதலில் பேச வேண்டிய வாசகி அவர்.

இதழ்களை இப்போது யார் வாங்குகிறார்கள்? எல்லாம் இன்ஸ்டாகிராமில்தானே?

உண்மை, 'செல்ஃப்' இதழின் மாத அச்சுப் பதிப்பே 2017இல் நின்றுவிட்டது. ஆனால் அட்டைப்படத்தின் இலக்கணத்தை ரீல்ஸ் அப்படியே எடுத்துக்கொண்டது. முகத்தை மெருகேற்றும் ஃபில்டர்கள் பெரும்பாலும் தோலை வெளுக்கின்றன. 2018இல் ஆய்வாளர்கள் ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் முகத்தைப் பார்த்துப் பாலினம் சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தபோது, கறுத்த பெண்கள் விஷயத்தில் பிழை 34.7 விழுக்காடு வரை போனது. வெளிர்நிற ஆண்கள் விஷயத்தில் அது 1 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. ஷெர்லி அட்டை செய்த அதே தவற்றை மென்பொருளும் செய்கிறது. இதழுக்காவது ஆசிரியர் ஒருவர் இருந்தார்; கடிதம் எழுதிக் கேட்க முடிந்தது.

நாங்களே எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். எப்படிச் செய்வது?

தாராளமாகச் செய்யலாம், கல்லூரி மாணவிகள் இருவர் சேர்ந்தால் போதும். ஒரே இதழின் ஓராண்டு அட்டைகளையோ, ஒரே ஜிம்மின் ஓராண்டுப் பதிவுகளையோ எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டதை மட்டும் பொறுக்கினால், ஏற்கெனவே நினைத்திருப்பதைத்தான் கண்டுபிடிப்பீர்கள். கட்டுரைப் படங்களையும் விளம்பரங்களையும் தனித்தனியாக எண்ணுங்கள், ஏனெனில் முன்னதற்கு ஆசிரியரும் பின்னதற்கு நிறுவனமும் பொறுப்பு. ஒவ்வொரு படத்துக்கும் நிறம், செய்யும் செயல், முகம் தெரிகிறதா அல்லது உடல் மட்டும் வெட்டிக் காட்டப்பட்டிருக்கிறதா, பெயர் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று குறியுங்கள். 'முன்பு, பின்பு' படங்களில் 'முன்பு' பக்கம் மட்டும் நிறம் மங்கலாக இருக்கிறதா என்பதைத் தவறாமல் பாருங்கள்.

நிறத்தைக் குறிக்க 'கறுப்பு, மாநிறம், சிவப்பு' என்னும் நம் வீட்டுப் பேச்சு உதவாது. அதில் ஏற்கெனவே மதிப்பீடு கலந்திருக்கிறது. தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் ஆறு வகைகள்தாம் உண்டு. அது புற ஊதாக் கதிருக்குத் தோல் எப்படி எதிர்வினை காட்டும் என்பதை அறிய 1975இல் உருவானது. ஹார்வர்டின் எல்லிஸ் மங்க் வகுத்து, கூகுள் 2022இல் வெளியிட்ட பத்து நிலை அளவுகோல் கறுத்த நிறங்களை நன்றாகப் பிரிக்கிறது. இருவரும் ஒருவர் குறிப்பை ஒருவர் பார்க்காமல் எண்ணி முடித்து, பிறகு ஒப்பிடுங்கள். அடிக்கடி வேறுபட்டால் விதிகளைத் திருத்தி மறுபடி எண்ணுங்கள்.

எதனோடு ஒப்பிடுவது என்பது கடைசிக் கேள்வி. அமெரிக்க இதழ் என்றால் அங்கே மக்கள்தொகைக் கணக்கு இருக்கிறது: 2020 கணக்கெடுப்பில் லத்தீன் வம்சாவளி சேராத வெள்ளையர் 57.8 விழுக்காடு. நமக்கு நிறவாரிக் கணக்கு கிடையாது; இருக்கவும் வேண்டாம். உங்கள் பயிற்சிக் குழுவில் இருப்பவர்களின் ஒரு குழுப்படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலே வேறுபாடு தெரியும்.

ஜிம் சுவரில் எங்கள் படங்களையே ஒட்டலாமா?

ஒட்டலாம், செய்யக்கூடியவற்றுள் மிகச் சிறந்தது அதுதான். பயிற்சி செய்துகொண்டிருக்கும்போது எடுங்கள்; வியர்வை தெரியட்டும். வயதானவர்கள், முக்காடு அணிந்தவர்கள், பருமனானவர்கள் எல்லோரும் இருக்கட்டும். படத்தின் கீழே எடைக் குறைப்புக் கணக்கை எழுதாமல், அவர் செய்யும் பயிற்சியின் பெயரை எழுதுங்கள். படத்தில் இருப்பவரிடம் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்குங்கள். சுவருக்குக் கொடுத்த சம்மதம் இன்ஸ்டாகிராமுக்குப் பொருந்தாது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணாக இருந்தால் பெற்றோரின் சம்மதம் மட்டும் போதாது, அவளுடைய விருப்பத்தையும் கேளுங்கள். யாராவது எப்போது வேண்டாம் என்று சொன்னாலும், காரணம் கேட்காமல் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.